ஆட்டை ஜெயித்த சாம்பார்

மகனே, ஐயா,

இதை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். இந்தியும் மராத்தியும் இங்கிலீஷும் உனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்தன. தமிழ் ஞாயிற்றுக்கிழமை சபை ஆராதனையில் வந்ததோடு சரி. பரவாயில்லை, மெல்லப் படி. எனக்கு வேண்டியதும் அதுதான். நேரில் உட்கார்ந்தால் நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நீ அதற்குப் பதில் வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நானும் ஆறாம் வகுப்போடு நின்றவள். பட்டறையில் துணிகளுக்கு நூல் பிசிறு வெட்டிவிட்டு, மதியம் சோறு தின்கிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். சில நாள் நாலு வரி வருகிறது. சில நாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். உன் அப்பா போன பிறகு எல்லா வேலையும் இப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கிறேன், உலை வைக்கிறேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று மட்டும் கை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தினமும் மிஞ்சுகிறது.

இதை நம் சபையின் மாதப் பத்திரிகையில் போடும்படி கேட்கப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஊர் படிக்க வைக்கிறாளே என்று கோபப்படாதே. உன் அப்பாவின் மேல் பழி விழுந்தது கூட்டத்தின் நடுவில். அது நம் வீட்டு நாலு சுவருக்குள் மட்டும் கழன்றால் போதாது. அதோடு, நீயும் நானும் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற விஷயமும் அந்தக் கூட்டத்தில் தொடங்கியதுதான் என்று எனக்குப் படுகிறது. நீ பிரான்ஸ் நாட்டுக்கு ஆராய்ச்சிப் படிப்புக்குப் போவதா, இல்லை செம்பூரில் கோச்சிங் கிளாஸ் எடுத்துக்கொண்டு என்னையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வதா. இதைத் தீர்க்காமல்தான் நீ செம்பூரில் அந்த வாடகை ரூமிலும் நான் தாராவியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், படிக்கிற மற்றவர்களுக்காக.

அறுப்பின் பண்டிகை முடிந்து சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்கு அந்த வருஷம் உன் அப்பாதான் செக்ரெட்டரி. தோல் பட்டறையில் பெல்ட்டு வெட்டுகிறவருக்கு அது பெரிய கௌரவம். வெள்ளைச் சட்டையை நானே கஞ்சி போட்டுக் கொடுத்தேன். என்ன சமைப்பது என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஆட்டுக்கறியா, கோழியா, சாம்பாரும் பாயசமுமா. பலசரக்குக் கடை தங்கராஜ் அண்ணாச்சியும் அவரோடு சேர்ந்த பெரியவர்களும் ஆடு என்றார்கள். ஆடு இல்லையென்றால் கோழியாவது போடு, சாம்பார் பேச்சே எடுக்காதே என்றார்கள். சமைக்கிற பெண்களும் வாலிபர்களும் கோழி என்றார்கள். கோழி இல்லையென்றால் சாம்பார் போதும், ஆட்டை வெட்டிக் குடல் கழுவி மாளாது என்றார்கள். மூன்றாவது கட்சி எங்களுடையது. சந்தில் இருக்கிற ஷோபா தாயி மாதிரி அக்கம்பக்கத்து மராத்திக்காரர்களையும் அசனத்துக்குக் கூப்பிடுகிறோம், அவர்களில் பாதிப் பேர் கறி தொடமாட்டார்கள், அதனால் சாம்பார் என்றோம். அது முடியாதென்றால் ஆடு. கறி என்று ஆன பிறகு அசனத்துக்கு ஆடுதான் மரியாதை. கோழி எல்லார் வீட்டிலும் வாராவாரம் வேகிறது. மூன்று கட்சியும் ஏறக்குறைய ஒரே அளவு.

உன் அப்பா என்ன செய்தார்? மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கும் பாதி கை வராது என்று, இரண்டிரண்டாகக் கேட்டார். முதலில் ஆடா கோழியா என்றார். அண்ணாச்சி கட்சியும் எங்கள் கட்சியும் ஆட்டுக்குக் கை தூக்கினோம். ஆடு ஜெயித்தது. ஜெயித்த ஆடா, சாம்பாரா என்றார். எங்கள் கட்சியும் பெண்களும் சாம்பாருக்குத் தூக்கினோம். சாம்பார் ஜெயித்தது. சரி, சாம்பார் என்று எழுதப் போனார். அப்போது அண்ணாச்சி எழுந்து, கோழியையும் சாம்பாரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவில்லையே, அதையும் கேளும் என்றார். கேட்டார். அண்ணாச்சி கட்சியும் பெண்களும் கோழிக்குத் தூக்கினார்கள். கோழி சாம்பாரை ஜெயித்துவிட்டது.

“என்னவே இது கணக்கு?” என்றார் அண்ணாச்சி. “ஆடு கோழியை ஜெயிச்சிட்டு. கோழி சாம்பாரை ஜெயிச்சிட்டு. பொறவு சாம்பார் எப்படிவே ஆட்டை ஜெயிக்கும்? அப்பன் மகனைப் பெத்தான், மகன் பேரனைப் பெத்தான், பேரன் அப்பனைப் பெத்தான்னுல்லா சொல்லுதீரு.”

“கை தூக்குனது நீங்கதான் அண்ணாச்சி. நான் எண்ணத்தான் செஞ்சேன்.”

“எண்ணுனதுதான் சரியில்லைங்கேன். சாம்பாரைக் கடைசியில வச்ச சூட்சுமம் எங்களுக்குத் தெரியாதாக்கும்? ஒம்ம வீட்டம்மா கட்சில்லா அது.”

கள்ளக் கணக்கு என்ற சொல்லை யார் சொன்னார்கள் என்று தெரியாது. பின்னாலிருந்து வந்தது. ஒருவர் சொன்னதும் நாலைந்து பேர் சொன்னார்கள். கடைசியில் பாஸ்டர், யூதாசின் இடத்துக்கு ஆள் எடுக்க அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டிருக்கிறார்கள், நாமும் போடுவோம் என்று சொல்லி, சீட்டுப் போட்டுக் கோழி வந்தது. கோழி வேண்டாம் என்று நின்றவர்களும் அன்றைக்கு வயிறு நிறையக் கோழிதான் தின்றார்கள், ஏப்பம் விட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். உன் அப்பாவுக்கு மட்டும் ஒரு பட்டப்பெயர் மிஞ்சியது. சாம்பார் செக்ரெட்டரி. மீன் மார்க்கெட்டில் நின்றால்கூட யாராவது, என்ன செக்ரெட்டரி, மீனா சாம்பாரா என்பார்கள். சிரித்துவிட்டு வருவார். வந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, யார் யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று விரலை மடக்கி மடக்கி எண்ணுவார். முதலில் நான் எண்ணியது சரிதான் என்றார். பிறகு சரியாகத்தான் எண்ணினேனா என்றார். அதற்கும் பிறகு, எங்கேயோ தப்பு விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று அவரே சொல்லத் தொடங்கினார். ஊர் சொன்னதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ அப்போது மாட்டுங்காவில் காலேஜ் கடைசி வருஷம். பேங்க் பரீட்சை எழுதுவாய் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பா இப்படி எண்ணிக்கொண்டே இருக்கிறாரே என்று நீ உன் கணக்கு வாத்தியாரிடம் போய்க் கேட்டிருக்கிறாய். அவர் சிரித்தாராம், உன் அப்பா புது வியாதி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, இது இருநூறு வருஷத்துக்கும் மேலாக இருக்கிற வியாதி என்றாராம். நீ வீட்டுக்குள் வந்த வேகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் மூன்று எவர்சில்வர் டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தாய். இது ஆடு, இது கோழி, இது சாம்பார்.

“அப்பா, நீங்க கரெக்டாத்தான் எண்ணியிருக்கீங்க. ஒவ்வொரு ஆளோட புத்தியும் நேர்கோடாத்தான் இருக்கு. எல்லாரையும் சேர்த்தா அது வட்டமாயிருது. பஸ், அவ்வளவுதான். எதைக் கடைசியில கேட்டாலும் அதுதான் ஜெயிக்கும்.”

அவர் நம்பவில்லை. தானே டம்ளரை நகர்த்தினார். ஆட்டைக் கடைசியில் வைத்துப் பார்த்தார், ஆடு ஜெயித்தது. கோழியைக் கடைசியில் வைத்தார், கோழி ஜெயித்தது. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார். டம்ளர் தரையில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நிமிர்ந்து, “அப்போ நான் கள்ளன் இல்லைல்லா?” என்று கேட்டார். உன்னைக் கேட்டாரா, என்னைக் கேட்டாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அண்ணாச்சி சொன்னதிலும் பாதி சரிதான், சாம்பாரை நினைத்துக் கடைசியில் வைக்கவில்லை, ஆனால் வைத்தது நான்தானே என்றார். அந்த நேரத்தில் அதைச் சொல்ல அவரால் முடிந்தது. அதை நீ மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு நீ பேங்க் பரீட்சையை மறந்தாய். வேலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் உன் அப்பா, “ஏல, இன்னைக்கு யாரு?” என்பார். நீ படித்ததை எங்களுக்குச் சொல்வாய். அந்தப் பெயர்களெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் அவரே பெயர் வைத்தார். முதல் ஆள் ஜெயில்காரர். பிரான்ஸில் பிரபு வீட்டில் பிறந்தவர், கணக்குப் படித்தவர், ராஜா வேண்டாம் ஜனங்களே ஆளட்டும் என்று நின்றவர். ஜனங்கள் ஆள்வதென்றால் கை தூக்க வேண்டுமே, கை தூக்கினால் என்னென்ன கோளாறு வரும் என்று அவர்தான் கணக்காக எழுதி வைத்தார். நம் டம்ளர் வட்டம் அவருடையதுதான். புரட்சி வந்தது. அவரோடு சேர்ந்து ராஜாவை இறக்கியவர்களே பிறகு அவரைப் பிடிக்க ஆள் அனுப்பினார்கள். ஒரு வீட்டில் ஒளிந்திருந்து, வெளியே வந்து பிடிபட்டு, ஜெயிலில் செத்துப்போனார். அவரையும் கூட்டத்தில் வைத்துத்தான் கள்ளன் என்றார்களோ என்று கேட்டார் உன் அப்பா. அவர் கல்லறை எங்கே என்று கேட்டதற்கு, எலும்புகூட எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது என்றாய். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டாவது ஆள் கப்பல்காரர். அதே ஊர், அதே காலம், இரண்டு பேரும் ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். இவர் கப்பற்படையில் இருந்து கணக்குப் போட்டவர். இரண்டிரண்டாக மோத விடாதே, ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்ததை வரிசையாக எழுதட்டும், முதலில் இருப்பதற்கு அதிக மார்க், அடுத்ததற்குக் குறைய, கடைசிக்கு ஒன்றுமில்லை, கூட்டிப் பார் என்றார். நாம் அசனத்துக்கு மார்க் போட்டுப் பார்த்தோம். ஆடும் கோழியும் சாம்பாரும் ஒரே மார்க் வாங்கின. சரி, கட்சிகள் சம அளவு என்பதால் அப்படி என்றாய். ஆட்கள் வேண்டுமென்றே பொய் வரிசை எழுதினால் என்ன செய்வீர் என்று கப்பல்காரரைக் கேட்டார்களாம். என் முறை நேர்மையானவர்களுக்கு மட்டும்தான் என்றாராம். “அப்போ நம்ம அசனத்துக்கு ஆகாது” என்று உன் அப்பா சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் ஷோபா தாயி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

இவர்களுக்கும் பல நூறு வருஷம் முன்னால் ஒரு சாமியார் இருந்தாராம். கன்னியாஸ்திரீகள் தங்கள் மடத்துக்குத் தலைவியை எப்படி எடுப்பது என்று, இரண்டிரண்டு பேராக நிறுத்திப் பார்க்கும் முறையை எழுதி வைத்தாராம். அது ஏதோ புத்தகசாலையில் யாரும் பார்க்காமல் கிடந்து, சமீப காலத்தில்தான் கையில் கிடைத்ததாம். பிறகு இங்கிலாந்தில் ஒரு காலேஜ் வாத்தியார், சின்னப் பிள்ளைகளுக்குக் கதையும் எழுதியவர். காலேஜில் கட்டடம் எப்படிக் கட்டுவது, ஆளை எப்படி எடுப்பது என்று சண்டை வந்தபோது அவரும் உட்கார்ந்து இதே வட்டத்தைக் கண்டுபிடித்தார். சாமியார் எழுதியது ஜெயில்காரருக்குத் தெரியாது. ஜெயில்காரர் எழுதியது கதைக்காரருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் ஒரு சண்டையில் அடிபட்டு, தனியாக உட்கார்ந்து, முதல் ஆள் மாதிரி யோசித்திருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டபோது ஆயாசமாக இருந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தால் உன் அப்பா மாதக்கணக்கில் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று தோன்றியது.

அமெரிக்காக்காரர் கதையைச் சொன்ன அன்று நீ கொஞ்சம் பயத்தோடுதான் சொன்னாய். போன நூற்றாண்டின் நடுவில் ஒரு சின்ன வயசுக்காரர். அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் ஒரு மனதாக ஆட்டைக் கோழிக்கு மேலே வைத்தால் முடிவிலும் ஆடு மேலே இருக்க வேண்டும். ஆடா கோழியா என்கிற பேச்சில் சாம்பார் மூக்கை நுழைக்கக் கூடாது. யாரோ ஒரு ஆள் சொன்னதே எப்போதும் சட்டம் என்று ஆகக் கூடாது. ஜனங்கள் எப்படி வரிசைப்படுத்தினாலும் முடிவு வட்டம் சுற்றாமல் நேராக வர வேண்டும். இவ்வளவுதான். மூன்று பண்டமோ அதற்கு மேலோ இருந்தால், வரிசை எழுதி வாங்குகிற எந்த முறையிலும் இத்தனையும் சேர்ந்து நடக்காது என்று நிரூபித்துவிட்டார். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பதில்லை, கிடையவே கிடையாது. உன் அப்பா மனசு ஒடிந்துபோவார் என்று நீ நினைத்தாய். அவர் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அப்பாடா என்றார். ஒழுங்காகச் செய்திருக்கலாமே என்று இத்தனை நாள் அவரைத் தின்றுகொண்டிருந்த ஒன்று அன்றைக்கு இறங்கியது.

அடுத்த அசனக் கூட்டத்துக்கு மூன்று டம்ளரையும் துணிப்பையில் எடுத்துக்கொண்டு போனார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அண்ணாச்சி, வித்தை காட்டுதீராவே என்றாராம், எல்லோரும் சிரித்தார்களாம். ஒன்றிரண்டு பேர் மட்டும் டம்ளரை நகர்த்திப் பார்த்தார்கள் என்று வந்து சொன்னார். அது அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்: உன் அப்பா சரியாக எண்ணினார். தூக்கியது நம் கைகள். வட்டம் நம்முடையது.

இனி வங்காளக்காரருக்கு வருகிறேன். அவரைப் பற்றி நீ சொல்லும்போது நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன், ஆனால் காது இங்கேதான் இருந்தது. நம் நாட்டுக்காரர் என்றதால் உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சில விஷயம் ஒரு ஆளுக்கு மட்டும் சொந்தம், அவன் மல்லாந்து படுப்பதா குப்புறப் படுப்பதா என்பது மாதிரி. அதில் அவன் சொல்தான் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சின்ன உரிமையை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால்கூட, சில சமயம் அது எல்லோரும் ஒரு மனதாக விரும்புகிறதோடு போய் முட்டும், இரண்டையும் எப்போதும் சேர்த்துக் காப்பாற்ற முடியாது என்று அவர் கணக்கில் காட்டியிருக்கிறார் என்றாய். உன் அப்பா, “முட்டுனா முட்டட்டும்” என்றார். நான் மாவைச் சலித்துக்கொண்டே இருந்தேன். அது நம் வீட்டுக்குள் வந்து முட்டும் என்று யார் கண்டார்கள்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் நின்ற நாளை நீ என்னைவிட அதிகமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். வயிற்றில் முதல் ஆபரேஷன் முடிந்து அவர் பாதியாகியிருந்தார். இரண்டாவது செய்தால் நாள் கூடலாம், கூடாமலும் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள், செய்து பார்க்கலாம் என்றார்கள். நீ செய்ய வேண்டும் என்றாய். பாண்டுப்பிலிருந்து வந்திருந்த உன் சித்தப்பா செய்யலாம் என்றார். நானும் செய்யலாம் என்றேன். ஜெயில்காரர் எழுதிய இன்னொன்றையும் நீ எடுத்துச் சொன்னாய்: ஒவ்வொரு ஆளும் தப்பாகச் சொல்வதைவிட அதிக தடவை சரியாகச் சொல்கிறவனாக இருந்தால், தனித்தனியாக யோசித்தால், ஆள் கூடக் கூட முடிவு சரியாக இருக்கிற வாய்ப்பு கூடும் என்று. டாக்டர்களும் நாமும் சேர்ந்து இத்தனை பேர் சொல்கிறோம் என்று கணக்குக் காட்டினாய். உள்ளே போய் அவரிடம், எல்லோரும் முடிவு பண்ணிவிட்டோம் அப்பா என்றாய். அவருக்குப் பேசவே மூச்சு வேண்டியிருந்தது.

“ஏல, இது அசனமா? அசனம் ஊர்ச்சோறு, ஊரு கை தூக்கலாம். இது என் வயிறு.”

நீ ஏதோ சொல்லப் போனாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “ஏளா, நீயாவது கையை இறக்கு” என்றார். நான் இறக்கினேன். வெளியே வந்ததும் நீ சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீயும் கட்சி மாறிட்ட, மா” என்றாய். அதற்குப் பிறகு அதை நீ வாயால் சொல்லவில்லை. ஆனால் நீ தட்டை நகர்த்துகிற விதத்தில் அது இருக்கிறது. அன்றைக்கு மெஜாரிட்டிப்படி நடந்திருந்தால் அப்பா இன்னும் இருந்திருப்பார் என்று நீ நினைக்கிறாய். இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கடைசி வாரங்களில் அவர் நம் வீட்டில், தனக்குப் பிடித்த மாதிரி மல்லாந்து படுத்திருந்தார். அண்ணாச்சி பார்க்க வந்தார். படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து, “ஜெயிச்ச ஆடு எப்படிவே தோத்துச்சு, எனக்கு இன்னும் வெளங்கலைவே” என்று கேட்டுவிட்டு அழுதார். உன் அப்பா டம்ளரை எடுத்துவரச் சொல்லிக் கையைக் காட்டினார். எடுத்துவந்தேன். தூக்க அவருக்குத் தெம்பில்லை. அண்ணாச்சிதான் நகர்த்தினார். நீ அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாய், அதனால் உனக்குத் தெரியாது. நான் கை இறக்கியதற்கு வருத்தப்படவில்லை, ஐயா. அழுகிறேன், அது வேறு.

இப்போது நம் விஷயம். அப்பா இருந்தால் என் பக்கம்தான் நிற்பார், உன்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகச் சொல்லவேமாட்டார் என்கிறாய். அவர் இருந்தால் என் பக்கம்தான், உன்னைப் படிப்பை விடச் சொல்லவேமாட்டார் என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் எவ்வளவு கேவலமாகச் சண்டை போட்டோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். செத்தவர் கையை ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறோம். விடு, அந்தக் கை ஓய்ந்துவிட்டது. உன் கணக்கெல்லாம் மூன்றில் ஆரம்பிக்கிறது. மூன்று பேர், மூன்று பண்டம், அங்கேதான் வட்டம், அங்கேதான் கப்பல்காரரும் அமெரிக்காக்காரரும். இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தவரை ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தது. இரண்டு பேர் மிஞ்சிய வீட்டுக்கு என்ன கணக்கு என்று நீ எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆளுக்கு ஒரு கை தூக்கினால் அப்படியே நிற்க வேண்டியதுதான். கை வலிக்கிறது.

நீ ஒரு வழி சொன்னாய். நீயே சொல்லும்மா, போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன் என்றாய். அது பாசம் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அது உன் ஓட்டைக் கொண்டுவந்து என் மடியில் போடுவது. போ என்று சொல்லி, அங்கே உனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் நான் சொன்னேன் என்று இருக்கும். இரு என்று சொல்லி, பத்து வருஷம் கழித்து நீ கோச்சிங் கிளாஸ் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு என்னை நினைத்தால் அதுவும் நான் சொன்னதாகத்தான் இருக்கும். என் மனசு எந்தப் பக்கம் என்று கேட்காதே. அது உனக்கே தெரியும். ஒரே பிள்ளை பெற்று, புருஷனையும் மண்ணில் வைத்துவிட்டு வந்தவள் மனசு எந்தப் பக்கம் சாயும்? அதனால்தான் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அவருக்காக இறக்கிய அதே கைதான்.

ஆனால் எனக்குச் சொந்தமான ஒன்றில் நான் முடிவு சொல்லிவிடுகிறேன். நான் செம்பூருக்கு வரப் போவதில்லை. நீ போனாலும் வரமாட்டேன், நீ இருந்தாலும் வரமாட்டேன். அங்கே லிஃப்ட் இருக்கிறது, குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது, ஞாயிறு ஆராதனைக்குக் கோயில் இருக்கிறது, நம் ஜனங்களும் இருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டாய், நானும் வந்து பார்த்துவிட்டேன். நல்ல இடம். ஆனால் பட்டறை இங்கே இருக்கிறது, சபை இங்கே இருக்கிறது. காலையில் என் கதவு திறக்கத் தாமதமானால் ஷோபா தாயி தட்டுகிறாள், நான் மராத்தியில் ஏதோ உளறுகிறேன், அவள் தமிழில் ஏதோ உளறுகிறாள், அதில் எனக்கு நாள் ஓடுகிறது. சந்தை இடித்துப் புதுசாகக் கட்டப் போகிறோம் என்று வந்து வீட்டுச் சுவரில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், இடித்தால் என்ன செய்வாய் என்கிறாய். இடிக்கும்போது பார்த்துக்கொள்வேன், சந்து முழுவதும்தானே நிற்கப் போகிறது. நான் எங்கே படுத்து எழுந்திருப்பது என்பதில் உனக்கு ஓட்டு இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. எழுதி முடித்து ஒரு முறை படித்துப் பார்த்தேன், கோபம் இல்லை.

என்னை எங்கே வைப்பது என்பதை உன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன் இல்லையா, இனி மிச்சம் இருப்பது உன்னுடையது மட்டும். அதைத் தனியாக எடுத்து வைத்துப் பார். பயமாக இருந்தால் பயம் என்று சொல், அப்பா இல்லாத பிறகு புத்தகத்தைத் தொடவே பிடிக்கவில்லை என்றால் அதைச் சொல். அம்மாவுக்காக என்று மட்டும் சொல்லாதே. பிரான்ஸில் அந்த ஜெயில்காரருடைய ஊரை உன் அப்பாவுக்காகப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லாதே. உன் அப்பாவைப் புதைத்த குழியையே சில வருஷம் கழித்து இன்னொருவருக்குத் திறப்பார்கள் என்று கல்லறைத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரில் இடம் அவ்வளவுதான். அவருக்கும் ஜெயில்காரர் மாதிரிதான் ஆகும். அதற்காக நீ எதையும் செய்ய வேண்டியதில்லை. நாளைக்கு உனக்கு ஒரு குடும்பம் என்று வரும்போதும் இது ஒன்றை வைத்துக்கொள்: கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், இது யாருடைய வயிறு என்று கேட்டுக்கொள்.

இந்தப் பத்திரிகையைச் செம்பூரில் யாராவது உன்னிடம் காட்டுவார்கள். படித்து முடிக்க உனக்கு நேரமாகும். முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை விட்டதும் வீட்டுக்கு வா. என்ன முடிவு என்று சொல். நான் கேட்டுக்கொள்வேன், ஏன் என்று கேட்கமாட்டேன். என்ன சமைக்கட்டும் என்றும் கேட்கமாட்டேன், அடுப்பு என்னுடையது. சாம்பார்தான். தங்கராஜ் அண்ணாச்சியையும் கூப்பிட்டிருக்கிறேன். சாம்பார் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன், வருகிறேன் என்றிருக்கிறார். நீ எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லியனுப்பு. மூன்று பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று என் கைக்குத் தெரியும்.

அம்மா